நான் ஒரு கை வெச்சதில்லீங்க

சன்னலோரம் வேணும்னா நீங்க உக்காந்துக்கங்க அம்மிணி. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். ஈரோடுங்களா? நானும் அங்கதான் எறங்கோணும். எறங்கி, திருச்செங்கோட்டு வண்டி மாறோணும்.

இந்தப் பை காலுல இடிக்குதுங்களா? மடிச்சு வெச்சுக்கறேன் இருங்க. உள்ள ஒண்ணுமில்லீங்க, வெறும் பை. எம்பொண்ணோட துணிமணி, புஸ்தகம், எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக் கொண்டாந்தரலாம்னுதான் இத்தாம் பெரிய பையா எடுத்துட்டுப் போனேன். கூட்டிக்கிட்டு வான்னு சொல்லித்தான் அவிய என்னை அனுப்பினாங்க. இப்பப் பாருங்க, பொண்ணும் வரலை, துணியும் வரலை.

அவியன்னா எங்கூட்டுக்காரருங்க. ரிக் வண்டில டிரில்லரு. போர் போடறதுக்குப் பாறையத் தொளைக்குமில்லீங்களா, அந்த வண்டி. வருசத்துல முக்காவாசி வடக்கதான். சத்தீஸ்கரு, மத்தியப் பிரதேசமுன்னு எங்கியோ காட்டுக்குள்ள கெடப்பாங்க. ஆனி மாசம் அங்க மழை புடிச்சுதுன்னா வேலை ஓடாது. வண்டியக் கொண்டாந்து நிறுத்திப்போட்டு ஊட்டுக்கு வந்துருவாங்க. ஆனி, ஆடி, ஆவணி, அந்த மூணு மாசம் ஊட்டுல இருப்பாங்க. இப்பவும் ஊட்டுலதான் இருக்கறாங்க.

போன் அடிக்குது பாத்தீங்களா? அவியதான். அடிக்கட்டும். பஸ்ஸு சத்தத்துல கேக்கலைன்னு சொல்லிக்கலாம்.

ஒரே பொண்ணுங்க எனக்கு. பிரதீபா. கோயமுத்தூர்ல காலேஜு, மூணாவது வருசம். பயோடெக்குன்னு என்னமோ சொல்லுவா, எனக்கு வாயில நொழையாது. படிப்புல அத்தனை சூட்டிகைங்க. ஒரு வம்பு தும்புக்குப் போகமாட்டா. ஊட்டுல இருக்கறதே தெரியாது. பொட்டாட்டச் சத்தமில்லாம ஒரு மூலையில உக்காந்து படிச்சுக்கிட்டே இருப்பா. சொந்தம் ஒறம்பரைன்னு வந்தாங்கன்னா, "சாந்தாமணி, ஒம் புள்ளை மாதிரி ஒரு புள்ளை வேணும்"னு சொல்லாத ஆளில்லை. சத்தம் போட்டு சிரிச்சுக்கூட நான் பாத்ததில்லீங்க. அப்படி வளத்தினேன்.

இந்த ஆடி பொறந்த சமயம் ஆன்சின்னு ஒரு புள்ளை போன் பண்ணுச்சு. நாகர்கோயில் பக்கம் அதுக்கு. ஆஸ்டல்ல இவகூட ஒரே ரூமு. "ஆன்ட்டி, பிரதீபா எந்திரிக்கவே மாட்டேங்கா. கிளாசுக்கு வரல்ல. குளிக்கல்ல. சாப்பாடு கொண்டு வச்சா வச்ச மாதிரியே இருக்கு. செவத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கா. எனக்குப் பயமா இருக்கு, நீங்க வாங்க"ன்னு அழுகுது.

அவியகிட்டச் சொன்னேன். "எவனையாவது புடிச்சிருப்பா. போயி இழுத்துட்டு வா. படிச்சுக் கிழிச்சது போதும்"னுட்டாங்க. நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். வயசுப் புள்ளை, வேற என்ன இருக்கப் போகுது? போற வழியில கோயில்ல எறங்கித் துண்ணூறு வாங்கி முடிஞ்சுக்கிட்டுத்தான் போனேன்.

போய்ப் பாத்தா, அய்யோ அம்மிணி. தலைமுடி சிக்குப் புடிச்சுக் கயிறாட்டம் கெடக்குது. கண்ணு மட்டும் தொறந்திருக்குது. எங்கியோ பாக்குது. "கண்ணு, அம்மா வந்திருக்கறேன், என்ன பண்ணுது சொல்லு"ன்னேன். "ஒண்ணும் பண்ணலைம்மா"ங்கறா. "யாராவது பையன்..."னு இழுத்தேன். இல்லைன்னு தலைய ஆட்டினா. "வயத்து வலியா?" இல்லை. "பரிச்சையில போச்சா?" இல்லை. "அப்பறம் என்னதான் சாமி?"ன்னா, "தெரியலைம்மா. எந்திரிக்கோணும்னு நெனைக்கறேன். ஒடம்பு வரமாட்டேங்குது. இல்லாமப் போயிட்டா நல்லாருக்கும்னு இருக்குது"ன்னா. சாதாரணமாச் சொல்றாங்க. தண்ணி வேணும்னு கேக்கற மாதிரி.

முடிஞ்சுக்கிட்டுப் போன துண்ணூறை எடுத்து நெத்தியில பூசி உட்டேன்.

காலேஜுல மேகலான்னு ஒரு மேடம். மனசு சரியில்லாத புள்ளைககிட்டப் பேசறதுக்குன்னே இருக்கறாங்க. அவங்கதான் ஆசுபத்திரிக்கு அனுப்பி மாத்திரை வாங்கிக் குடுத்தாங்க. தனியா உடக்கூடாது, கொஞ்ச நாளைக்கு யாராச்சும் கூட இருங்கன்னாங்க. காலேஜுக்குப் பின்னால ஒரு ஊட்டு மாடியில ரூம் எடுத்து, நானும் அவளும் ஆன்சியுமா அங்கியே இருந்துட்டோம். ஆடி பூராவும்.

அவியகிட்ட நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. மஞ்சக்காமாலைன்னு சொல்லிப்போட்டேன். வேற என்னங்க சொல்றது? மனசுக்கு வைத்தியம்னா, எம் பொண்ணு பைத்தியமாடின்னு கோயமுத்தூருக்கே வந்து நின்னுருவாங்க. காமாலைன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. எனக்கு இந்த மாதிரி சமாளிக்கறதுக்கு நல்லா வருமுங்க. குடும்பம்னா நாலு இருக்கும், மூடி மறைச்சுக் கொண்டு போறவதானுங்களே பொம்பளை?

அவிநாசி தாண்டிருச்சுங்களா? சரி, சரி.

அந்த மேகலா மேடம் ஒரு நாளு என்னைத் தனியாக் கூப்புட்டு உக்கார வெச்சாங்க. "சின்ன வயசுல ஊட்டுல எப்படிம்மா இருந்தா?"ன்னாங்க. "ராணியாட்டம் இருந்தா"ன்னேன். "அப்பா அடிப்பாரா?"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "எந்த அப்பனுங்க அடிக்காத வளத்தறான்? ஒங்களை அடிச்சதில்லீங்களா?"ன்னேன்.

வருசம் பூராவுமா அடிச்சாங்க? மூணு மாசந்தானுங்க. மத்த ஒம்பது மாசம் நானும் அவளும் நிம்மதியாத்தான் இருப்போம்.

கோவக்காரருதான், இல்லைங்கலை. வடக்க வெயில்லயும் தூசிலயும் கெடந்துட்டு வர்ற மனுசன். ஊட்டுக்கு வந்தா எல்லாம் சரியா இருக்கோணும்னு நெனப்பாங்க. மார்க்கு கொறஞ்சா கோவம். டம்ளரு கை தவறி உழுந்தாக் கோவம். கேட்டதுக்கு உடனே பதில் சொல்லலைன்னாக் கோவம், சொன்னா எதுத்துப் பேசறாளேன்னு அதுக்கும் கோவம். வண்டியில போடற பெல்ட்டு பழசு ஒண்ணு கதவுக்குப் பின்னால தொங்கும். அதை எடுத்தாங்கன்னா முடியற வரைக்கும் நிறுத்தமாட்டாங்க. அப்பறம் பாத்ரூமுக்குள்ள தள்ளி வெளியில தாப்பாப் போட்ருவாங்க. அடியக்கூடத் தாங்கிக்கலாமுங்க, அந்தப் பேச்சுத்தான். "ஏண்டி பொறந்த"ம்பாங்க. ஒண்ணாங் கிளாஸ் படிக்கற புள்ளைகிட்ட.

ஆனா நான் இருக்கறேன்ல? அவிய கதவுகிட்டப் போனதுமே நான் சமையக்கட்டுக்குள்ள போயி மிக்சியப் போட்டு உட்ருவேன். தேங்காய் இருந்தா தேங்காய், இல்லாட்டி வெறும் மிக்சியாவது ஓடும். பக்கத்தூட்டுக்குக் கேக்கப்படாதுங்களே. பொட்டப்புள்ளை. நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசினா எவன் வந்து கட்டுவான்? அந்த ஓசனை எனக்குத்தானுங்க இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது.

ஆறாங் கிளாஸ் படிக்கறப்ப ஒருக்கா, யாரோ சிநேகிதப் புள்ளையப் பாத்து, கத்திரிய எடுத்து முன்முடியக் கொஞ்சம் வெட்டிக்கிட்டா. நெத்தியில புசுபுசுன்னு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அவிய பாத்தாங்க. வண்டியில ஏத்திக் கூட்டிக்கிட்டுப் போயி, சலூன்ல உக்கார வெச்சு மொட்டை அடிச்சுக் கூட்டியாந்துட்டாங்க. "இப்பச் சீவிச் சிங்காரி"ன்னாங்க.

காத்தால பள்ளிக்கூடம் போகோணும். பன்னெண்டு வயசுப் புள்ளை, மொட்டைத் தலையோட. என்னங்க பண்ணுவீங்க? நான் உடனே கடைக்கு ஓடிப் பஞ்சாமிர்த டப்பா வாங்கியாந்தேன். பழனிக்கு வேண்டுதல், போயி முடியெறக்கிட்டு வந்தோம்னு தெரு பூராக் குடுத்தேன். டீச்சருக்கும் ஒரு டப்பா அவ கையிலயே குடுத்தனுப்பினேன். ஒரு ஈ காக்காய்க்குச் சந்தேகம் வரலீங்க. முருகன் காப்பாத்தினான். அவ மட்டும் அப்பறம் பஞ்சாமிர்தத்தைத் தொடமாட்டேன்னுட்டா. இனிப்பே புடிக்காமப் போயிருச்சு.

ஆனா நான் சொல்றேன் கேளுங்க. நான் ஒரு கை வெச்சதில்லீங்க அவ மேல. இந்தச் சூரியன் சாட்சி. ஒரு நாளு, ஒரு அடி, ஒரு கிள்ளு? கெடையாது. எத்தனை அம்மாமாருங்க சூடு போடறாங்க, கரண்டியத் தூக்கறாங்க. நான் ஒரு கை வெச்சதில்லை.

இதெல்லாம் அந்த மேடத்துக்கிட்ட நான் சொல்லலீங்க. நம்மூட்டு விசயம் எதுக்கு? அவளே சொல்லியிருப்பாளாட்ட இருக்குது. அவங்க என்ன சொல்றாங்கன்னா, சின்னதுல பட்டதெல்லாம் உள்ளயே தங்கிரும், பொறகு ஒரு நாளைக்குத்தான் கெளம்பும், காலேஜு வந்த புள்ளைககிட்ட நெறைய இப்படிப் பாக்கறோம்னாங்க.

நான் கேட்டேனுங்க, நாயமாத்தான் கேட்டேன்: "அங்க இருந்தப்ப நல்லாத்தானுங்க இருந்தா. படிச்சா, மார்க்கு வாங்கினா. இங்க வந்து ரண்டு வருசமாச்சு. இங்க அவளை ஒரு சொல்லு சொல்ல ஆளில்லை. அடிக்கறதுக்கு ஆளே இல்லாத எடத்துல போயி எதுக்குங்க சீக்கு வரோணும்?"

அதுக்கு அவங்க, "அங்க இருந்தப்ப அழுகறதுக்கு அவளுக்கு எடமில்லைம்மா"ன்னாங்க.

எனக்கு அது வெளங்கலை. எங்கூடு பெரிய ஊடுங்க. மேல மாடி மெத்தையே இருக்குது.

தண்ணி குடிக்கறீங்களா? இல்லீங்களா, சரி.

மாத்திரை ஒத்துக்கிட்டுச் சித்தெ தேவலையாச்சு. எந்திரிச்சு உக்காந்தா. தலைக்கு ஊத்தி உட்டு, சிக்கெடுத்துப் பின்னி உட்டேன். ஆன்சி ஏதோ சொன்னதுக்கு ஒரு நாள் லேசாச் சிரிச்சா. எனக்கு அப்படியே மனசு நெறைஞ்சு போச்சு. அவளுக்கு மல்லித்தழைச் சட்னின்னா உசுரு. அரைச்சுக் குடுக்கலாம்னு கீழூட்டம்மாகிட்ட மிக்சிய வாங்கியாந்து, போட்டேனுங்க. அவ்வளவுதான்.

உள்ள இருந்தவ ஓடியாந்து வயரைப் புடிச்சு இழுத்தா. மிக்சி கீழ உழுந்து சட்னியெல்லாம் தரையில. அவ அப்படியே செவுத்தோரமாச் சுருண்டு உக்காந்து, ரண்டு கையையும் தலைக்கு மேல வெச்சுக்கிட்டா. "கண்ணு, கண்ணு, என்னாச்சு?"ன்னு கிட்டப் போனா, என்னைப் பாத்து, சின்னக் கொரல்ல, அஞ்சாறு வயசுல பேசுவாளே அந்தக் கொரல்ல கேட்டா: "அப்பா வந்துட்டாங்களா?"

பாருங்களேன். அந்த நெலமையிலயும் அப்பனைத்தான் கேக்கறா. எத்தனை பாசம் இருந்தா அப்படிக் கேப்பா?

பாசந்தானுங்களே அது?

நீங்க ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

சரி உடுங்க.

போன வாரம் அவிய போன் பண்ணி, "காமாலை எத்தனை நாளைக்குடி இருக்கும்? பத்தியச் சோறு இங்க ஊட்டுல போடறது. ஆவணி பொறக்குது, பொண்ணு பாக்க ஒறம்பரை வருது. கூட்டிக்கிட்டு வந்து சேரு"ன்னாங்க. மாப்பிள்ளையும் ரிக் வண்டிதான், சொந்த வண்டி. எனக்கும் தோணுச்சு, ஒரு கல்யாணம் காச்சின்னு ஆனா எல்லாம் மாறிரும்னு. துணிய எடுத்துப் பையில வெக்க ஆரம்பிச்சேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா. நான் வெக்க வெக்க, ஒவ்வொண்ணா எடுத்துத் திரும்பக் கொடியில போட்டா.

"நான் வரலைம்மா"ன்னா.

"அப்பா கூப்புடறாங்க கண்ணு."

"அதான் வரலை."

"பெத்த அப்பன்டி. அடிக்கற கைதான் அணைக்கும்"னேன்.

"அணைச்ச கைய நான் பாத்ததே இல்லையேம்மா"ன்னா.

எனக்குக் கோவம் வந்துருச்சு. என்ன இருந்தாலும் நான் ஒரு மாசமாப் பாத்துக்கிட்டுக் கெடக்கறேன். "ஒங்கப்பனை உடு. நான் ஒம்மேல என்னிக்காவது ஒரு கை வெச்சிருக்கறனா? சொல்லு"ன்னு கேட்டேன்.

அவ கத்தலை. அழுகலை. "இல்லைம்மா. நீ ஒரு கை வெச்சதே இல்லை"ன்னா. "அடிக்கறப்பவும் வெக்கலை. அடிச்சு முடிச்சதுக்கப்பறம் பாத்ரூமுக்குள்ள உக்காந்திருப்பேன். நீ கதவுக்கு வெளிய நிப்ப, எனக்குத் தெரியும். ஒன்னோட காலு நெழலு கதவுக்கு அடியில தெரியும். இப்பத் தொறப்ப, வந்து எந் தலையில கை வெப்பன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அப்பறம் நெழலு போயிரும். மிக்சி ஓடும்."

படிச்ச புள்ளைங்க. நான் ஒண்ணு சொன்னா அதையே திருப்பிப் போட்டு வேற மாதிரி பேசுது. நெழலையெல்லாம் யாருங்க பாத்துக்கிட்டு இருப்பாங்க? தாப்பாளத் தொறந்தா அவிய சும்மா உடுவாங்களா? எனக்கும் சேத்துத்தானே உழுகும். உழுந்திருக்குதுங்க. இந்தக் கையி இப்படிக் கோணலா இருக்குது பாத்தீங்களா? மழையில வழுக்கி உழுந்துட்டேன்னுதான் சொல்லி வெச்சிருக்கறேன். ஒங்ககிட்ட எதுக்குச் சொன்னேன்னே தெரியலை.

அந்த மேடத்துக்கிட்டயும் போயிக் கேட்டேன். "அவ மேஜரும்மா. வரலைன்னா நாம இழுத்துட்டுப் போக முடியாது. இப்ப அந்த ஊட்டுக்குப் போனா, இத்தனை நாள் எந்திரிச்சதெல்லாம் வீணாப் போயிரும்"னாங்க. நீங்களும் வேணும்னா இங்கியே இருங்கன்னாங்க. நான் எப்படிங்க இருக்கறது? ரண்டு பேருமே வரலைன்னா அவிய கெளம்பி வந்துருவாங்க. காலேஜு தெரியும், வந்து நின்னு கேட்டா ரூமக் கண்டுபுடிக்க எத்தனை நேரம் ஆகும்? நானாவது போயிட்டேன்னா வரமாட்டாங்க. ஒருத்தி கையில இருந்தாப் போதும் அவியளுக்கு.

காத்தால கெளம்பறப்ப அவ வாசப்படி வரைக்கும் வந்தா. ஆன்சி பக்கத்துல நின்னுச்சு. மாத்திரைய மறக்காதன்னேன். அப்பறம் தோள்ல கை வெச்சேனுங்க. கட்டையாட்டம் வெறைச்சுப் போச்சு அவ ஒடம்பு. எடுக்கறதா வேண்டாமான்னு தெரியாம அப்படியே வெச்சுக்கிட்டு நின்னேன். ஆட்டோக்காரன் ஆரன் அடிக்கறான். அவ தள்ளியும் உடலை, கிட்டயும் வரலை.

"அம்மா, இந்த ரூமு இருக்கற எடத்தை மட்டும் அப்பாகிட்டச் சொல்லிராத"ன்னா.

எங்கிட்ட வாய் தொறந்து அவ கேட்டது, எனக்கு நெனப்புத் தெரிஞ்சு, அது ஒண்ணுதானுங்க. சின்னதுலகூட அது வேணும் இது வேணும்னு கேக்கமாட்டா.

பெருந்துறை வந்துருச்சுங்களா? அப்ப இன்னும் சித்தெ நேரத்துல ஈரோடு.

மறுக்கா அடிக்குது பாருங்க. ரண்டு பேரும் எங்க வர்றீங்கன்னு கேப்பாங்க. நான் எடுத்தா எங் கொரலை வெச்சே கண்டுபுடிச்சுருவாங்க. நான் யாருகிட்ட வேணும்னாப் பொய் சொல்லுவேனுங்க, தெரு பூரா சொல்லியிருக்கறேன். அவிய நேரா நின்னு கேட்டா மட்டும் எனக்கு வராது. எதை மூடி வெச்சிருக்கறனோ அதுதான் மொதல்ல வெளிய வரும். ரூமு எங்கடின்னு ஒரு தடவை கேட்டாங்கன்னா, ரண்டாவது தடவைக்கு நான் தாங்கமாட்டேன்.

அதானுங்க அம்மிணி. நீங்க கழுத்துல ஆபீசு அட்டை போட்டிருக்கறீங்க, ஏறுனப்ப கண்டக்டர்கிட்ட நீங்க பேசின பேச்சக் கேட்டேன். நல்லாத் தைரியமாப் பேசறீங்க. ஈரோட்டுல எறங்கி, சத்தமில்லாத எடமாப் பாத்து, அவியளுக்கு ஒரு போன் பண்ணிக் குடுப்பீங்களா? எம் போன்லிருந்து வேண்டாம், ஒங்க போன்லிருந்து. கோயமுத்தூர் ஆசுபத்திரி டாக்டரம்மான்னு சொல்லுங்க. காமாலை ஈரலுக்கு எறங்கிருச்சு, பயணம் பண்ணினா உசுருக்கு ஆபத்து, பாக்கறதுக்கும் யாரும் வரப்படாது, ஒட்டிக்கும்னு சொல்லிருங்க. டாக்டரம்மா வாயால கேட்டுட்டாங்கன்னா, எங்கிட்ட ரூமு எங்கன்னு கேக்கமாட்டாங்க. எந்த ஆசுபத்திரின்னு கேப்பாங்க. சொல்லிராதீங்க. பேசி முடிச்சதும் அந்த நம்பரு மறுக்கா வராத மாதிரி அடைச்சுப் போட்ருங்க. பிரதீபா போன்ல ஆன்சி அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்குது.

நான் ஊட்டுக்குப் போனதுக்கப்பறமா? அதை உடுங்க. அது எனக்குப் பழக்கந்தான்.

அவிய பேரை நான் வாயால சொல்லப்படாதுங்க, இந்தாங்க, போன்லயே போட்டிருக்குது, பாத்துக்கங்க. எடுத்ததும் சத்தம் போடுவாங்க. பயந்துக்காதீங்க, வெச்சுராதீங்க. போன்லதானுங்க, ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க பேசி முடிக்கற வரைக்கும் நான் எங்கியும் போகமாட்டேன். ஒங்க பக்கத்துலயே நிக்கறேன்.